சீஸுக்கு ஆகிற பால்

ஜூலை 2, செவ்வாய்

பால் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. பால் சொசைட்டியில் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கேனைத் திறந்ததுமே எந்த வீட்டு மாடு, என்ன தீவனம், எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடுவேன். லேக்டோமீட்டரெல்லாம் மேலதிகாரிகளுக்குக் காட்டத்தான். தாராபுரம் சுற்றுவட்டாரத்தில் சென்னியப்பன் என்ற பெயரைச் சொன்னால் பழைய பால்காரர்களுக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும்.

இதை எழுதக் காரணம், மருமகள் கோகிலவாணி இன்று என்னிடம் பால் கேட்டு வந்து நின்றாள். குடிப்பதற்கு அல்ல, சீஸ் செய்வதற்கு. கோயமுத்தூரில் ஒரு பெரிய பேக்கரியாம். பீட்சாவுக்கு வேண்டிய சீஸைத் தாங்களே செய்துகொள்ள ஆள் தேடுகிறார்களாம். அந்த பேக்கரிக்காரம்மா இவளுக்குப் போனில் எப்படியோ பழக்கம். இந்த மாத முடிவுக்குள் நல்ல சீஸ் ஒரு கட்டி செய்துகொண்டு வந்து காட்டினால் வேலை கொடுக்கிறேன், பேக்கரிக்கு மேலேயே குடியிருக்க வீடும் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

“பாக்கெட் பாலு ஆகறதில்லீங் மாமா. வினிகர் ஊத்தி ரண்டு தடவை செஞ்சு பாத்தனுங், சேரவே மாட்டீங்குது. கறந்த பாலா வேணுமுங். உங்களுக்குத் தெரியாத பால்காரரா? நீங்களே பாத்து ஒரு நல்ல எடமா வாங்கித் தாங்க” என்றாள்.

முகத்துக்கு நேரே இப்படிக் கேட்டால் எப்படி மாட்டேன் என்பது? சரி அம்மிணி என்றேன்.

கோயமுத்தூருக்குப் போனால் என் பேத்தி பாப்பாவையும் கூட்டிக்கொண்டுதான் போவாள். அதை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாப்பா மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் சாயங்காலம் என் மடியில் உட்கார்ந்துதான் சொல்வாள். என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டில் என்னோடு உட்கார்ந்து பேசுகிற ஒரே ஆள் அவள்தான். அவளும் போய்விட்டால் நான் சுவரோடு பேசவேண்டியதுதான். நினைத்தாலே பயமாக இருக்கிறது.

போன வருஷமும் இப்படித்தான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்பினாள். அன்றைக்கே எனக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் ஒன்றுமில்லை என்றார். டாக்டருக்கு என்ன தெரியும், வலி எனக்கல்லவா வந்தது. கோகிலவாணி வேலைக்குப் போகவில்லை. வலியும் பிறகு வரவில்லை.

என் மகன் தரணி மஸ்கட்டில் இருக்கிறான். வேலை அதிகம். பெண்டாட்டியோடு பேச அவனுக்கு நேரம் கிடைப்பதில்லை. பொறுமையாக இருக்க வேண்டியது இவள்தானே?

ஜூலை 5, வெள்ளி

சீஸுக்கு வேண்டிய சாமான் வாங்க கடைவீதிக்குப் போனோம். எலுமிச்சை உப்பு மளிகைக் கடையிலேயே கிடைத்தது. வடிகட்ட மெல்லிசான துணி வேண்டும் என்றாள், காடாத்துணி எடுத்துக் கொடுத்தேன். “இதுல மோரு கூட எறங்காதுங் மாமா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு மல் துணி எடுத்தாள். சூடு பார்க்கிற கருவிக்கு மருந்துக் கடையில் கேட்டால் காய்ச்சலுக்கு வைப்பதை எடுத்து நீட்டுகிறான். கடைசியில் ஒரு கேக் சாமான் கடையில் அகப்பட்டது. அயோடின் கலக்காத உப்புதான் வேண்டுமாம். கல்லுப்பு வீட்டிலேயே கிடக்கிறது என்றேன். பைப் தண்ணீரும் ஆகாதாம், அதில் மருந்து வாசம் அடிக்கிறதாம். ஒரு கட்டி சீஸுக்கு எத்தனை நொரநாட்டியம்!

பாலை உறைய வைக்கிற மருந்து மட்டும் இந்த ஊரில் இல்லை. ரென்னெட் என்று பெயர். கூரியரில் வருகிறதாம். அது கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுப்பது என்று சொசைட்டி நாட்களில் ஒரு வெள்ளைக்காரப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். பசு வளர்க்கிற நாட்டில் அதை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவள் செல்போனைக் காட்டினாள். டப்பாமேல் பச்சைப் புள்ளி போட்டிருக்கிறது. “இது காளான்ல இருந்து எடுக்கறதுங் மாமா” என்றாள். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறாள்.

ஜூலை 8, திங்கள்

கூரியர் வந்தது. பால்காரன் வெள்ளியங்கிரியிடம் ரண்டு லிட்டர் சொல்லி வைத்தேன். ஆள் குள்ளம். கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே என்பார்கள். சொசைட்டியில் ஒரு தடவை அவன் கேனைக் கவிழ்த்துக் கொட்டியிருக்கிறேன். அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் பால் தருகிறான். என் முன்னால்தான் கறந்தான், பால் திக்காக நன்றாகவே இருந்தது.

பச்சைப் பாலைக் காய்ச்சாமல் வீட்டுக்குள் வைப்பது எங்கள் வழக்கம் இல்லை. மாட்டுக்கு என்னென்ன நோய் வரும் என்று எனக்குத் தெரியும், குழந்தை இருக்கிற வீடு. அவளிடம் சொன்னால் இதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள். எனவே அவள் வாசல் தெளித்துக்கொண்டிருந்த நேரத்தில் பின்கட்டில் வெந்நீர் அடுப்பில் பாலை வைத்துப் பொங்கவிட்டு, தொட்டித் தண்ணீரில் பாத்திரத்தோடு இறக்கி ஆறவைத்து, பிரிட்ஜில் வைத்துவிட்டேன். மேலே கட்டிய ஆடையை வீணாக்குவானேன் என்று சர்க்கரை தூவிச் சாப்பிட்டேன்.

மத்தியானம் அவள் சீஸ் செய்தாள். வரவில்லை. கட்டியாக உறைய வேண்டியது பொரிபொரியாகத் திரிந்து மிதந்தது. இழுத்தால் ரப்பர் மாதிரி நீள வேண்டுமாம், இது கையிலேயே உதிர்ந்தது. பாவமாக இருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

இன்றும் வரவில்லை.

ஜூலை 10, புதன்

மத்தியானம் அவள் செல்போனில் ஏதோ வீடியோவைச் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பொம்பளை தமிழில்தான் பேசினாள். காய்ச்சின பாலில் ரென்னெட் வேலை செய்யாது, எத்தனை நல்ல பாலாக இருந்தாலும் ஒரு தடவை பொங்கிவிட்டால் சீஸுக்கு ஆகாது என்றாள். கோகிலவாணி அந்த இடத்தைத் திரும்ப ஒரு தடவை ஓடவிட்டாள்.

“ஏனுங் மாமா, பாலு பச்சையாத்தானுங்களே இருக்குது?” என்று கேட்டாள்.

“கறந்த பாலு அம்மிணி. என் கண்ணு முன்னால கறந்தது” என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. கறந்த பால்தான்.

ஜூலை 11, வியாழன்

பால் வாங்கி வந்தேன். வழக்கப்படி செய்தேன். லேசான தூறல்.

ஜூலை 14, ஞாயிறு

தரணி பேசினான். ஞாயிற்றுக்கிழமைகளில் என் நம்பருக்குத்தான் கூப்பிடுவான். வீட்டுக்குள் டவர் சரியாக எடுப்பதில்லை என்று மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினேன். அங்கே வெயில் கொளுத்துகிறதாம். கார் மாற்றப் போகிறானாம். பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது, கைக்குழந்தை ஒன்றும் அழுதது. பக்கத்து அறைக்காரர் குடும்பத்தோடு இருக்கிறார் போலிருக்கிறது. சின்ன சத்தமாக இருந்தாலும் போனில் பெரிதாகக் கேட்கும்.

கீழே இறங்கி வந்தபோது கோகிலவாணி யார் பேசினது என்று கேட்டாள். பென்ஷன் ஆபீஸ் என்றேன். ஞாயிற்றுக்கிழமையுமா என்று அவள் கேட்கவில்லை. அந்த விஷயத்தில் மரியாதை தெரிந்தவள்.

ஜூலை 16, செவ்வாய்

பாலில்தான் கோளாறு, வேறு இடம் பார்க்கலாம் என்று அவளாகவே சொன்னாள். ஆமாம் அம்மிணி, வெள்ளியங்கிரி தீவனத்தில் யூரியா கலக்கிறான் என்று ஊரில் பேச்சு என்றேன். ஊரில் அப்படி ஒரு பேச்சு இல்லை, இருந்தாலும் கலக்க மாட்டான் என்று யார் கண்டது?

காலையில் அவள் ஸ்கூட்டியில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அமராவதி வாய்க்கால் பக்கம் ஒரு எருமைப் பண்ணைக்குப் போனாள். எருமைப்பாலில் கொழுப்பு அதிகம், சீஸுக்கு அதுதான் நல்லது என்று நானே எடுத்துச் சொன்னேன். அவள் பாலைக் கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள். அப்பன் வீட்டில் நாலு எருமை கட்டியிருந்தார்களாம். எருமை கட்டினவர்களுக்கெல்லாம் பால் தெரிந்துவிட்டால் சொசைட்டியில் எனக்கு எதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்? சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

என்னையும் பால் தூக்குப்போசியையும் வீட்டில் இறக்கிவிட்டு, பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனாள். அந்த நேரம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

எருமைப்பாலும் பொரிபொரியாகத்தான் வந்தது. அழுவாள் என்று நினைத்தேன். வடிதுணியைப் பிழிந்துகொண்டே சிரித்தாள். தோற்றுத் தோற்று மரத்துப் போய்விட்டது போலும்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. பாப்பாவும் நானும் தேங்காய் சுட்டோம். தேங்காயின் கண்ணைத் திறந்து பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், எள்ளு எல்லாம் உள்ளே போட்டு, வாதநாராயணன் குச்சியில் செருகி நெருப்பில் காட்டினோம். பாப்பா குச்சியை உயர்த்திப் பிடித்து, “தாத்தா, கருகுது, கருகுது” என்று கத்திக்கொண்டே இருந்தாள். ஓடு வெடித்ததும் எடுத்து, முதல் துண்டை எனக்குத்தான் ஊட்டினாள். இந்த வயதில் எனக்கு வேறு என்ன வேண்டும்?

இனி ஒரு மாதத்துக்குக் கவலையில்லை. ஆடியில் யாரும் குடி போகமாட்டார்கள். அந்த பேக்கரிக்காரி கொடுத்த கெடுவும் இந்த மாதத்தோடு முடிகிறது.

ஜூலை 20, சனி

அடுத்த வீட்டு ராஜாமணி டீச்சர் பாப்பாவுக்கு ஒரு தோசை கொண்டுவந்து கொடுத்தாள். பிய்த்தால் நூல் நூலாக இழுபடுகிறது. பாப்பா இந்தப் பக்கம் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கத்தை முழ நீளத்துக்கு இழுத்து விளையாடினாள். கடையில் வாங்குகிற சீஸ்தான் வேறென்ன. இதைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டால் ஆஸ்பத்திரிக்கு டீச்சரா வருவாள்?

“கோகிலாவுக்குச் சீசு வரவே இல்லையாமே, பாவம்” என்று என்னிடம் வேறு விசாரித்தாள். முகத்தில் அப்படி ஒரு அக்கறை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. கோகிலவாணி இப்போதெல்லாம் மத்தியான நேரத்தில் அவள் வீடே கதி என்று கிடக்கிறாள். ரவிக்கை தைக்கக் கற்றுக்கொள்கிறாளாம். கற்றுக்கொள்ளட்டும். வீட்டோடு இருக்கிற வேலைதான்.

ஜூலை 22, திங்கள்

கோகிலவாணி சிநேகிதி வளைகாப்பு என்று கோயமுத்தூர் போய்விட்டு சாயங்காலம் வந்தாள். ஆடியில் யார் வளைகாப்பு வைக்கிறார்கள்? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மாதமும் இல்லை, நாளும் இல்லை. போகும்போது தூக்குப்போசியில் ஐஸ் போட்டு என்னமோ எடுத்துப் போனாள். பலகாரம் என்றாள்.

ஜூலை 24, புதன்

பால் மறுபடி வெள்ளியங்கிரியிடமே. இன்றைக்கு அவன், “உங்கூட்டுக்கே நாலு லிட்டரு போயிருதுங் கவுண்டரே, மத்த வாடிக்கைக்குப் பத்த மாட்டீங்குது” என்றான். ரண்டு லிட்டரை நாலு என்கிறான். கணக்குத் தெரியாதவனைக் கட்டிக்கொண்டு அழவேண்டியிருக்கிறது. நானும் திருத்தவில்லை.

வழக்கப்படி செய்தேன். சூடான பாத்திரத்தைத் தூக்கும்போது கை நழுவி உள்ளங்கையில் கொப்புளம். கோகிலவாணி பார்த்துவிட்டு எப்படி என்று கேட்டாள். வெந்நீர் என்றேன். மருந்து போட்டுவிட்டாள். ஊதி ஊதிப் போட்டாள். அந்த நேரத்தில் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

ஜூலை 28, ஞாயிறு

இன்றும் வரவில்லை. அவள் பாத்திரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் போய் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“உட்டுத் தள்ளு அம்மிணி. எல்லாருக்கும் எல்லாம் வந்துராது. இந்த ஊட்டுல உனக்கு என்ன கொறை? சோறு இருக்குது, நான் இருக்கறேன். பாப்பா நல்லா படிக்குது.”

“சரிங் மாமா” என்றாள். தலை நிமிரவில்லை.

ஆறுதலாகப் பேசினது எனக்கே திருப்தியாக இருந்தது. தரணிகூட அவளிடம் இப்படி உட்கார்ந்து பேசியதில்லை. அவன் இன்று கூப்பிட்டபோது நான் மாடியில் ஐந்து நிமிஷம்தான் பேசினேன். வேறு செய்தி இல்லை.

ஜூலை 31, புதன்

கெடு இன்றோடு முடிந்தது. அவள் அதைப் பற்றி மூச்சே விடவில்லை, நானும் கேட்கவில்லை. பாப்பாவின் துணிமணிகள் அத்தனையையும் துவைத்துப் போட்டிருக்கிறாள். ஆடிக் காற்றில் சீக்கிரம் காய்ந்துவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்துச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாராவது என்மேல் பழி சொன்னால் நடந்தது இதுதான் என்று இருக்கட்டும்.

காலையில் பால் வாங்கி வந்து அடுப்பில் வைத்தேன். கெடு முடிந்த பிறகும் ஏன் என்றால், அவள் சொல்லாமல் பால் வாங்குவதை நிறுத்துவது முறையல்ல. திரும்பிப் பார்த்தால் கோகிலவாணி பின்கட்டு வாசலில் நிற்கிறாள்.

“பாப்பாவுக்குக் குடிக்கக் காச்சறேன்” என்றேன்.

“பொங்கப் போவுதுங், பாத்து” என்று கிட்டே வந்து, முந்தானையால் பாத்திரத்தைப் பிடித்து அவளே இறக்கி வைத்தாள். பிறகு துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

“நாளைக்கு நானும் பாப்பாவும் கோயமுத்தூருக்குக் கெளம்பறமுங் மாமா. வேலை கெடச்சுருச்சுங். பாப்பாவுக்கு அங்கயே ஸ்கூலும் பேசியாச்சுங்.”

“சீசே வரலியே அம்மிணி, அப்பறம் எப்பிடி வேலை?”

“வந்துருச்சுங். டீச்சர் ஊட்டுல செஞ்சனுங். வெள்ளியங்கிரியண்ணன் அங்கயும் ரண்டு லிட்டரு ஊத்துனாருங். வளைகாப்புன்னு சொன்ன அன்னைக்குக் கோயமுத்தூர் கொண்டு போயிக் காட்டுனனுங், அந்தம்மாவுக்குப் பிடிச்சுப் போச்சு.”

அப்படியானால் இங்கே தினமும் என் கண் முன்னால் பாத்திரத்தைக் கிண்டிக்கொண்டிருந்தது என்ன என்று கேட்டேன்.

“அது உங்களுக்காகங் மாமா.”

“எனக்காகவா?”

“மொத நாளே தெரிஞ்சுதுங். எருமையோட பொறந்து வளந்தவளுக்குப் பச்சைப் பாலு வாசத்துக்கும் காச்சுன பாலு வாசத்துக்கும் வித்தியாசம் தெரியாதுங்களா? சரி, கொழந்தைக்காகக் காச்சறாரு, வெவரம் தெரியலைன்னு நெனச்சனுங். அதுக்குத்தான் அந்த வீடியோவை உங்க காதுல உழற மாதிரி வெச்சேன். வாயத் தொறந்தும் கேட்டேன். நீங்க கறந்த பாலுன்னீங்க.”

நான் குனிந்து அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்தேன்.

“சண்டை போட்டிருக்கலாமுங். போன வருசம் வேலைக்குப் போறேன்னதும் நெஞ்சு வலின்னு படுத்தீங்க. இந்த வழிய அடைச்சா நீங்க வேற எதையாச்சும் பண்ணிக்குவீங்கன்னு பயமா இருந்துச்சுங். அதான், இதுல செயிச்சுட்டு நிம்மதியா இருக்கட்டும்னு உட்டுட்டனுங்.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். கணக்குச் சொல்வது மாதிரி சொல்கிறாள்.

“ஆடி மாசத்துல எவளாச்சும் குடி போவாளா? ஊரு சிரிக்காதா?” என்றேன்.

“உங்க மகன் போனதும் ஆடியிலதானுங்.”

அவனுக்கு விசா அப்போதுதான் வந்தது.

எழுந்து உள்ளே போகப் பார்த்தேன். அவள் விடவில்லை. “இன்னொன்னு கேக்கோணுமுங். ஞாயித்துக்கெழமையானா போனை எடுத்துட்டு மாடிக்குப் போறீங்க. அவருதான் பேசறாருன்னு எனக்குத் தெரியுமுங். அங்க அவருக்கு ஒரு குடும்பம் இருக்குதுன்னும் தெரியுமுங். அதெல்லாம் போகட்டும். இந்த மூணு வருசத்துல ஒரே ஒரு தடவை, ‘பொண்டாட்டிகிட்டப் பேசுடா’ன்னு அவருகிட்டச் சொல்லியிருக்கீங்களா மாமா?”

“சொல்லியிருக்கேன்” என்றேன்.

“எப்பங்?” என்றாள்.

எப்போது என்று தேதி போட்டா வைத்திருப்பார்கள்? அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

மூன்று வாரத்துக்கு மேல் என்னை முட்டாளாக்கி வைத்திருக்கிறாள். முகத்தை வாட வைத்துக்கொண்டு என் ஆறுதலையும் கேட்டுக்கொண்டு, அடுத்த வீட்டில் சீஸ் செய்திருக்கிறாள். டீச்சர் கூட்டு, பால்காரன் கூட்டு. வீட்டுப் பெரியவனிடம் இப்படி ஒரு நடிப்பு! பாம்புக்குப் பால் வார்த்த கதை என்பது இதுதான்.

நெஞ்சைப் பிடித்துப் பார்த்தேன். வலி ஒன்றும் இல்லை. வந்தாலும் அவள் நம்பமாட்டாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆடி வெள்ளியும் அதுவுமாகப் போய்விட்டார்கள். வேன் வந்தது. ராஜாமணி டீச்சர்தான் சாமான் எடுத்துக் கொடுத்தாள். நான் அறையை விட்டு வரவில்லை. பாப்பா வந்து கதவைத் தட்டி, “தாத்தா, போயிட்டு வாரேன்” என்றாள். தூங்குகிற மாதிரி இருந்துவிட்டேன். கதவைத் திறந்திருந்தால் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விட்டிருக்க மாட்டேன். அதைக் கோகிலவாணி பார்க்க வேண்டாம் என்றுதான் திறக்கவில்லை.

வேன் போன சத்தம் கேட்ட பிறகு அழுதேன். என் மனைவி செத்தபோதுகூட இப்படி அழவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. ஊரே ஆற்றுக்குப் போகிறது. ராஜாமணி டீச்சர் புளிச்சோறும் தேங்காய்ச் சோறும் கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். “ப்ரிட்ஜில உங்களுக்குன்னு கோகிலா ஒரு டப்பா வெச்சிருக்கறாளுங், பாத்துக்குங்க” என்றாள்.

வெள்ளையாக உருண்டையாக உப்புத் தண்ணீரில் மிதக்கிறது. தொடக்கூடாது என்றுதான் இருந்தேன். சாயங்காலம் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுப் பார்த்தேன். உப்பு கொஞ்சம் குறைவு. பால் நல்ல பால். வேறு குறை சொல்லத் தெரியவில்லை. முழுவதையும் தின்றுவிட்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

பேக்கரி போன் நம்பரை டீச்சரிடம் கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. வெள்ளியங்கிரியைப் பால் நிறுத்தச் சொன்னேன், காப்பிக்குப் பாக்கெட் போதும். அவன் ஒன்றும் கேட்கவில்லை. தெரிந்துதான் இருக்கும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

தரணி கூப்பிட்டான். வீட்டில் யாரும் இல்லாததால் நடுக்கூடத்திலேயே உட்கார்ந்து பேசினேன். டவர் நன்றாகத்தான் எடுக்கிறது.

சாப்பிட்டீர்களா என்று கேட்டான். டீயில் பன் தொட்டுத் தின்றிருந்தேன். சாப்பிட்டேன் என்றேன். “என்னங்ப்பா சமைச்சா?” என்றான். இதுவரை அவன் அப்படிக் கேட்டதே இல்லை. இன்றைக்குப் பார்த்துக் கேட்கிறான்.

“அரிசிம்பருப்புச் சோறுடா. கத்திரிக்காய் பொரியல்.”

“பாப்பா?”

“வெளயாடப் போயிருக்குது.”

பின்னால் அந்தக் குழந்தை இன்றைக்கும் அழுதது. அவன் யாரிடமோ, எடு, எடு என்றான். கோகிலவாணி கேட்டது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இன்றைக்காவது சொல்லிவிடுவோம் என்று, “டேய் தரணி, உன்ற பொண்டாட்டிகிட்ட...” என்று ஆரம்பித்தேன்.

“அவளுக்கு என்னங்ப்பா?” என்றான். குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

“ஒண்ணுமில்லடா. அடுப்படியில வேலையா இருக்கறா.”

“இருக்கட்டுமுங். அவ அங்க இருக்கற வரைக்கும் உங்களப் பத்தி எனக்கு ஒரு கவலையும் இல்லீங்ப்பா” என்றான்.

ஆமாண்டா என்றேன்.